கயிறு பிடித்த கை

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் புதியதன்று. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்து தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியோருள், கடலை நம்பி வாழ்ந்த முன்னோரை உடையவர் பலர். ஆயினும் இந்நகருக்கு வந்த பின்னர் கடல் நமக்கு மாலைக் காற்று வாங்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. தாதர்க் கரையில் கால் நனைத்துவிட்டு வீடு திரும்பும் பழக்கத்திற்கு மேல் நாம் அதனோடு உறவு கொள்வதில்லை.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வுறவைப் புதுப்பிக்க விரும்புகின்றனர். விடுமுறைக்கு மால்வண் சென்று, அங்கே ஓர் ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் நீருக்குள் இருந்துவிட்டு வருகின்றனர். சிலர் அந்தமானுக்கும் இலட்சத்தீவிற்கும் சென்று பல வண்ண மீன்களைக் கண்டு வந்து கதை சொல்கின்றனர். அவர்களுள் ஒரு சாரார், “முறையாகப் படிக்கட்டுமா?” என்று வீட்டில் கேட்கத் தொடங்கியுள்ளனர். “அனுப்பலாமா?” என்று பெற்றோர் நம்மைக் கேட்கின்றனர். இக்கட்டுரை அவர்களுக்கு நாம் அளிக்கும் விடையாகும்.

விடை கூறுமுன் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே மகன் வீட்டில் வாழ்கின்றார் அவர். வயது அறுபதுக்கு மேல். இளமையில் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். இன்று கைத்தடியின்றி நான்கு அடி நடக்க அவரால் இயலாது. அவருடைய பேரன்தான் மூழ்கும் கலை கற்க வேண்டும் என்று வீட்டில் வாதாடுகின்றான். பேரனின் தாய் அதைக் கேட்ட நாள் முதல் உறக்கமின்றி இருக்கின்றார். இவ்வீட்டிற்கு நாம் சென்றிருந்தபோது, பெரியவர் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்.

பழைய முறை

மன்னார்க் குடாவின் முத்து உலகப் புகழ் பெற்றது. கொற்கைத் துறையின் முத்து சங்க காலத்திலேயே சிறந்து விளங்கிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்போரைப் பற்றி வியந்து எழுதியிருக்கின்றார். முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை நம் மக்கள் ‘பார்’ என்றும், ஆழத்தைப் ‘பாகம்’ என்றும் வழங்கினர். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். ஏறக்குறைய 6 அடி.

குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து இறங்குவார். கல்லின் கனம் அவரை விரைந்து அடிக்குக் கொண்டு செல்லும். இடுப்பில் அல்லது கழுத்தில் வலைப் பை இருக்கும். மூச்சு அடங்கும் வரையில், அஃதாவது ஏறக்குறைய ஒரு நிமிட அளவில், கைக்குக் கிட்டிய சிப்பிகளைத் திரட்டுவார். பின்னர்க் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுப்பார். கயிறு பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராக இருத்தல் வேண்டும் என்று தென்கரையில் வழிவழியாகச் சொல்வர். தன் உடன்பிறந்தாள் தாலி அறுவதை எந்த மைத்துனன்தான் பொறுப்பான்? ஆகவே அவன் கண் அயரமாட்டான் என்பது கருத்து. உறவு முறையையே உயிர்க் காப்பாகக் கொண்ட நம் முன்னோரின் அறிவை எண்ணி வியக்க வேண்டும்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன் பின்னர் முத்துப் பார்கள் வளம் குன்றியமையால் அத்தொழில் நின்றது. சங்கு குளித்தல் மட்டும் தொடர்ந்தது. வங்காளத்துப் பெண்கள் மணமான பின் அணியும் வெண்சங்கு வளைக்குத் தூத்துக்குடிச் சங்கு நெடுங்காலமாகச் சென்று வருகின்றது.

மூச்சு என்னும் கடிகாரம்

கல்லும் கயிறும் கொண்டு இறங்கிய காலத்தில் குளிப்பவருக்கு மூச்சே கடிகாரமாக இருந்தது. ஒரு நிமிடத்தில் அஃது அவரை மேலே அழைத்துவிடும். பின்னர்த் தோணியில் காற்றழுத்தும் கம்பிரசரை வைத்து, நீண்ட குழாயின் முனையை வாயிற் கவ்விக்கொண்டு இறங்கும் வழக்கம் வந்தது. மூச்சுக்குத் தட்டுப்பாடில்லை, மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம், சங்கும் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் கடிகாரம் போய்விட்டது. எப்போது மேலே வர வேண்டும், எவ்வளவு மெதுவாக வர வேண்டும் என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. எந்திரத்தின் புகையே குழாய் வழியாக மூச்சிற் கலக்கும் இடரும் சேர்ந்துகொண்டது.

இதன் விளைவை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நாம் உட்கொள்ளும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலின் மேற்பரப்பில் நம் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. 10 மீட்டர் இறங்கினால் இரண்டு. 20 மீட்டரில் மூன்று. 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் மிகுந்தால் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் மிகுதியாகக் கரைகின்றது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியே அமைதியாக வெளியேறும். விரைந்து வந்தால் உடலுக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும். கோலிசோடாவின் கோலியைத் தட்டியவுடன் உள்ளே குமிழிகள் சீறி எழுவதை நாம் பார்த்திருக்கின்றோம். அதுவே முதுகுத் தண்டில் நிகழ்ந்தால் கால்கள் செயலற்றுப் போகும்.

தாராவிப் பெரியவருக்கு நேர்ந்தது இதுதான். ஒரே நாளில் மூன்றாம் முறையாக இறங்கி, நேரம் போவது தெரியாமல் அடியில் இருந்துவிட்டு, விரைந்து மேலே வந்திருக்கின்றார். கரை சேர்வதற்குள் இடுப்பிற்குக் கீழே உணர்ச்சி அற்றுவிட்டது. மீண்டும் நீரில் இறங்கினால் சரியாகிவிடும் என்று உடனிருந்தோர் சொன்னதை நம்பி அவ்வாறே செய்தார். அதனாற் பொழுது வீணாயிற்றேயன்றிப் பயன் விளையவில்லை. தூய பிராணவாயுவும், அழுத்த அறையில் மருத்துவமும் விரைவிற் கிடைத்திருந்தால் அவர் இன்று நம்மைப் போல் நடந்திருக்கக்கூடும்.

கருவி வந்தது, கல்வியும் வேண்டும்

1943-இல் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படையினரும் எமில் கான்யான் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து, முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டருக்கு ஏற்ற ரெகுலேட்டர் ஒன்றை உருவாக்கினர். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், அவ்வாழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ப அது காற்றைத் தரும். இன்றைய ஸ்கூபாக் கருவிக்கு அதுவே முன்னோடி. இக்கருவியின் துணையினால் உலகெங்கும் கடலடி ஆய்வு பெருகிற்று. பூம்புகாருக்கு அப்பாலுள்ள கடலில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இறங்கி ஆராய்ந்ததும் இக்கருவியைக் கொண்டே.

இன்று ஸ்கூபாக் கல்வி படிப்படியாக அமைந்துள்ளது. விடுமுறையில் ஆசிரியர் கையைப் பிடித்து இறங்குவது வெறும் அறிமுகமே. அதனால் ஒருவர் மூழ்கத் தெரிந்தவர் ஆகார். தொடக்கப் படிப்பை முடித்தவர் துணைவரோடு 18 மீட்டர் வரையிலும், அடுத்த படிப்பை முடித்தவர் 30 மீட்டர் வரையிலும் இறங்கலாம் என்பது பொதுவான வரையறை.

ஆயினும் சான்றிதழ் பெற்றவர் அனைவரும் நீருக்குள் நிலையாக நிற்கக் கற்றவர் ஆகார். கையை வீசிப் பவளத்தை உடைப்பவரும், காலை உதைத்துச் சேற்றைக் கிளப்புபவரும், துணைவர் எங்கே என்று அறியாமல் திரிபவரும் உளர். இக்குறையை நீக்குவதற்காக ‘ஃபண்டமெண்டல்ஸ்’ எனப்படும் அடிப்படைப் பயிற்சி வகுப்பு ஒன்று நடத்தப்படுகின்றது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998-இல் தோன்றிய குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் என்னும் அமைப்பு இதில் பெயர் பெற்றது. நீரடிக் குகைகளில் மூழ்கியவர்களின் பட்டறிவிலிருந்து வளர்ந்த முறை இது. பெயர் அடிப்படையாயினும் கண்டிப்பில் மேல்வகுப்பை ஒத்தது. தேர்ச்சி பெறாமல் திரும்பி, பல மாதம் பயின்று மீண்டும் வருவோர் பலர் என்பதே இதன் தரத்தைக் காட்டும்.

கருவிகள்

இவ்வகுப்பில் கருவிகள் குறைவாகவும் ஒழுங்காகவும் இருத்தல் வேண்டும் என்பது முதற் பாடம். தொங்குவதும் ஆடுவதும் ஆகிய எதுவும் உடலில் இருத்தலாகாது.

முதுகில் எஃகு அல்லது அலுமினியத் தகடு ஒன்று. அதில் கோத்த ஒரே நீளமான பட்டை தோள், இடை ஆகியவற்றைச் சுற்றி உடலோடு இறுகப் பொருந்தும். கால்களுக்கு இடையேயும் ஒரு பட்டை செல்லும். தகட்டிற்கும் சிலிண்டருக்கும் இடையே காற்று நிரப்பும் பை இருக்கும். மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் அது உதவும்.

வாய்க்குக் காற்றுத் தரும் ரெகுலேட்டர் இரண்டு உண்டு. ஒன்று ஏறக்குறைய 7 அடி நீளமுள்ள குழாயில் இணைந்தது. அது மார்பின் குறுக்கே சென்று கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். மற்றொன்று ரப்பர்க் கயிற்றில் மாலைபோற் கோத்துத் தாடைக்குக் கீழே தொங்கும். துணைவருக்குக் காற்று அற்றுப்போனால் தன் வாயில் உள்ள நீண்ட குழாயையே உடனே எடுத்து அவர்க்கு நீட்ட வேண்டும். தான் தாடைக்கீழ் உள்ளதைக் கவ்விக்கொள்ள வேண்டும். தான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கொடுப்பதால், அது பழுதின்றி வேலை செய்கின்றது என்பதில் ஐயமில்லை. குழாய் நீண்டது ஆதலின், இருவரும் தடுமாறாமல் அருகருகே நீந்தி மேலேறலாம்.

இவையன்றி முகக்கண்ணாடி, வளையாத கனத்த ரப்பர்த் துடுப்புகள், உடல் வெப்பம் காக்கும் உடை, ஆழமும் நேரமும் காட்டும் கருவி, சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கடிகை, சிறு கத்தி, நீரில் எழுதும் ஏடு ஆகியனவும் வேண்டும். மேலே செல்லும் படகுகளுக்கு நம் இருப்பிடத்தை உணர்த்த, காற்று நிரப்பி மேலே அனுப்பும் செந்நிற மிதவைக் குழலும், அதற்குரிய நூலுருளையும் இன்றியமையாதவை. மீன்பிடி விசைப்படகுகள் மிகுந்த நம் கொங்கணக் கரையில் இவற்றின் அருமை சொல்ல வேண்டுவதில்லை.

தொடக்கத்திலேயே இவையனைத்தையும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. முகத்திற்கு நன்றாகப் பொருந்தும் கண்ணாடி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றவற்றைப் பயிற்சி நிலையத்திலேயே வாடகைக்குப் பெறலாம். ரெகுலேட்டரைப் பழைய பொருளாக மலிவு விலையில் வாங்குதல் கூடாது.

பயிற்சிகள்

வகுப்பில் சேர்வதற்கு நீந்தத் தெரிந்திருத்தல் வேண்டும். நில்லாமல் 275 மீட்டரை 14 நிமிடத்திற்குள் நீந்துதலும், மூச்சடக்கி நீருக்குள் 15 மீட்டர் செல்லுதலும் தேர்வுகள். தாதர் சிவாஜி பூங்காவிலும் செம்பூரிலும் மாநகராட்சியின் நீச்சற்குளங்கள் உள்ளமையால், நம் பிள்ளைகள் இதனை வீட்டருகிலேயே பழகிக்கொள்ளலாம்.

முதற் பயிற்சி, நீரில் படுக்கையாக நிலைத்து நிற்றல். தலை நிமிர்ந்து, முழங்கால் மடிந்து, உடல் தரைக்கு இணையாக அமைதல் வேண்டும். அவ்விடத்திலேயே ஏறாமலும் இறங்காமலும் நிற்றல் வேண்டும். மூச்சை இழுத்தால் உடல் சற்றே உயரும், விட்டால் தாழும். இம்மூச்சாலேயே நிலையைக் காக்கக் கற்பர். கேட்பதற்கு எளிது; கற்பதற்கோ பொறுமை வேண்டும்.

இரண்டாவது, காலின் வேலை. தவளையைப் போல் பக்கவாட்டில் உதைத்துச் செல்வதால் அடிச்சேறு கலங்காது. இருந்த இடத்திலேயே உடலைச் சுழற்றுதலும், பின்னோக்கி நீந்துதலும் கற்பிக்கப்படும். பின்னோக்கிச் செல்லக் கற்றவன் பவளத்தின் மேல் மோதமாட்டான்.

மூன்றாவது, இடர் நேரப் பழக்கம். ரெகுலேட்டரை வாயினின்று எடுத்து மீண்டும் பொருத்துதல், முகக்கண்ணாடியை முற்றும் கழற்றிக் கண்தெரியாத நிலையில் அமைதியாக இருந்து மீண்டும் அணிந்து நீரை வெளியேற்றுதல், துணைவருக்குக் காற்று வழங்குதல், மிதவைக் குழலை மேலே விடுதல் ஆகியவற்றை நிலை பிறழாமலேயே செய்தல் வேண்டும். அச்சத்தில் தரையைத் தேடி ஊன்றினாலும் மேலே மிதந்தாலும் மீண்டும் செய்யச் சொல்வர்.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. எக்காரணத்தாலும் மூச்சை அடக்கியவாறு மேலே எழுதல் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்பில் இருமடங்காக விரியும். அது வெளியேற வழியில்லாவிடில் நுரையீரல் கிழியும். மூச்சடக்கியே பழகிய முத்துக் குளிப்போரின் கலை வேறு. சிலிண்டர்க் காற்றைக் கொள்வோரின் கலை வேறு. தாத்தா மூச்சடக்கினார் என்று பேரனும் அடக்கினால் பிழையாய் முடியும்.

கணக்கு

நம் முன்னோர் பார் என்றது முத்து விளைந்த திட்டை. இன்றைய மாணவர் பார் என்பது காற்றின் அழுத்த அளவை. அதைக்கொண்டு கணக்கிடக் கற்பதும் இவ்வகுப்பின் ஒரு கூறு.

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருப்பின், மொத்தம் 2400 லிட்டர். அமைதியாக நீந்துபவருக்கு மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் வேண்டும் எனக் கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு ஆதலின் 60 லிட்டர் செலவாகும். ஆகவே 40 நிமிடம் இருக்கலாம் என்று எண்ணுவது இயல்பு. அங்கேதான் பிழை இருக்கின்றது.

துணைவரின் காற்று அவ்வாழத்தில் திடீரென அற்றுப்போவதாக வைத்துக்கொள்வோம். நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடம். இருவருக்கும் சேர்த்து 120 லிட்டர். மெதுவாக மேலேறி இடையில் நின்று வர 6 நிமிடம். சராசரி இருமடங்கு அழுத்தத்தில் இருவருக்கும் 480 லிட்டர். ஆக 600 லிட்டர். அஃதாவது 50 பார். இது நம்முடைய காற்றன்று. துணைவரின் உயிருக்காக நாம் சுமந்து செல்லும் அடைக்கலப் பொருள். எஞ்சிய 1800 லிட்டரே நமக்குரியது; அதற்கு 30 நிமிடமே கிடைக்கும். அஞ்சியவர் மிகுதியாக மூச்சு வாங்குவர் ஆதலின், கவனமுள்ள ஆசிரியர் இதற்கும் மேலாகவே ஒதுக்கச் சொல்வர்.

மேலேறும் வேகம் நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படலாகாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருதல் நலம். மூச்சென்னும் பழைய கடிகாரம் போன இடத்தில் இந்தக் கணக்கே புதிய கடிகாரமாக அமைகின்றது.

பெற்றோர் கேட்க வேண்டுவன

பிள்ளையை அனுப்புமுன் பெற்றோர் சிலவற்றைத் தெளிந்துகொள்ளுதல் நன்று. ஆசிரியருக்குரிய சான்று உள்ளதா? ஓர் ஆசிரியரிடம் எத்தனை மாணவர்? படகில் பிராணவாயுச் சிலிண்டர் உள்ளதா? அருகிலுள்ள அழுத்த அறை எங்கே? இவற்றுக்கு நேரான விடை தராத இடத்தில் பணத்தைக் கட்ட வேண்டா.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது நோய் உடையவர் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்கலாகாது. கருவுற்ற பெண்கள் இறங்குதல் கூடாது. சளி பிடித்திருக்கும் நாளில் செவி அழுத்தம் சமன்படாது. அன்று கரையிலேயே இருத்தல் வேண்டும். முன்பணம் வீணாகின்றதே என்று மருத்துவப் படிவத்தில் நோயை மறைத்தல் பெருந்தவறு.

மூழ்கிய பின் உடனே விமானத்தில் ஏறலாகாது என்பதை அந்தமான் செல்லும் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டும். ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கினால் 18 மணி நேரமும் கழிதல் வேண்டும். மூட்டு வலி, தோல் நமைச்சல், மரமரப்பு, கால் தளர்ச்சி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அதைக் களைப்பு என்று ஒதுக்காமல், பிராணவாயு அளித்து உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். நீரில் மீண்டும் இறங்கித் தீர்த்துக்கொள்ளலாம் என்பாரின் சொல்லைக் கேட்கலாகாது.

மும்பைக் கரையை ஒட்டிய நீர் கலங்கலானது, பயிற்சிக்கு ஏற்றதன்று. தொடக்கப் பயிற்சிக்கு மால்வணுக்கு அருகிலுள்ள தார்க்கர்லியில் மகாராட்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தாரின் நிலையம் உள்ளது. குடால் வரை இரயிலில் செல்லலாம். மழைக்காலத்தில் கொங்கணக் கடல் இறங்கத் தக்கதன்று. அந்த மாதங்களை நீச்சற்குளத்திற்கும் பாடத்திற்கும் வைத்துக்கொள்ளலாம். ஃபண்டமெண்டல்ஸ் போன்ற வகுப்பிற்கு, தொடக்கப் படிப்பை முடித்து, சில முறையேனும் கடலில் இறங்கிப் பழகிய பின்னர்ச் செல்வதே முறை.

மீண்டும் அந்த வீட்டிற்கு

இச்செய்திகளையெல்லாம் நாம் தாராவி வீட்டில் எடுத்துச் சொன்னோம். தாய் கேட்டுக்கொண்டிருந்தார், முகம் தெளியவில்லை. பேரன் நீண்ட குழாயின் படத்தைத் தாத்தாவிடம் காட்டி, “தாத்தா, பக்கத்தில் இருக்கிறவனுக்கு மூச்சு இல்லாமல் போனால் இதை எடுத்து அவனுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு இல்லாமல் போனால் அவன் கொடுப்பான்” என்றான்.

பெரியவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கைத்தடியின் நுனியால் குழாய் செல்லும் வழியை ஒருமுறை தடவினார். பிறகு, “எங்க அப்பா காலத்துல இதை மச்சான் கையில குடுத்திருந்தாங்க. நாங்க எந்திரத்துக்கிட்ட குடுத்தோம். எந்திரத்துக்கு அக்கா தங்கச்சி உண்டா?” என்றார். சற்றுப் பொறுத்து மருமகளை நோக்கி, “அவன் போகட்டும்மா. ஆனா நல்லாப் படிச்சிட்டுத்தான் இறங்கணும்” என்றார்.

தாய் உடனே இசையவில்லை. மழைக்காலம் முடியும் வரை செம்பூர்க் குளத்தில் நீந்திப் பழகட்டும். 275 மீட்டரைத் தம் கண்முன் நில்லாமல் நீந்திக் காட்டட்டும். பிறகு பார்க்கலாம் என்றார். அது நல்ல தீர்ப்பு என்றே நமக்குத் தோன்றிற்று. நம் நேயர்களின் இல்லங்களிலும் இவ்வழக்கு எழுமாயின், அச்சத்தால் மறுத்துவிடவும் வேண்டா. ஆசையால் உடனே அனுப்பிவிடவும் வேண்டா. உடன் இறங்கும் துணைவர் யார், அவர் கயிறு பிடிக்கக் கற்றவரா என்று கேளுங்கள். நம் பிள்ளையும் பிறருக்காகக் கயிறு பிடிக்கக் கற்றிருக்கின்றானா என்பதையும் கேளுங்கள்.